ஊசியை மறுப்பவர்கள் எதை மறுக்கிறார்கள்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் என்னைப் போல மருந்தாளராக வேலை செய்பவரின் காதில் ஒரு பேச்சு அடிக்கடி விழும். "நம் ஆட்கள் மாற மாட்டார்கள்." கைப்பேசிச் செயலியில் மருத்துவச் சந்திப்புக்குப் பதிவு செய்வதாக இருந்தாலும் சரி, நீரிழிவுக்குப் போடும் இன்சுலின் பேனா ஊசியாக இருந்தாலும் சரி, யாராவது வேண்டாம் என்றால் உடனே அறியாமை, பிடிவாதம் என்று முத்திரை குத்திவிடுகிறோம். இந்தப் பேச்சு எனக்குக் கோபமூட்டுகிறது. மறுக்கிறவரிடம் ஏன் என்று கேட்கும் அக்கறையை அது முளையிலேயே கிள்ளிவிடுகிறது. அந்த அக்கறை இல்லாத இடத்தில்தான் கண்ணும் காலும் போகின்றன.

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. இனவாரியாகப் பார்த்தால் நம் இந்தியர்களிடையேதான் இது மிக அதிகம். இனிப்புநீர் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்சுலினோ ஒன்றும் நேற்று வந்த மருந்து அல்ல. 1922 ஜனவரியில் டொரோண்டோவில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகப் போடப்பட்டது. நூறு ஆண்டு கடந்தும், எங்கள் ஊரில் பலருக்கு அது கடைசிக் கட்டத்தின் அடையாளமாகவே இருக்கிறது.

பால்மரம் சீவி ஓய்வுபெற்ற ஓர் அம்மாவின் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். குளிர்சாதனப் பெட்டியில் சம்பல் போத்தலுக்கும் நெத்திலிப் பொட்டலத்துக்கும் பின்னால் இன்சுலின் பேனாக்கள் பிரிக்கப்படாமல் அடுக்கியிருந்தன. மாதாமாதம் தவறாமல் வாங்கியிருக்கிறார், ஒன்றைக்கூடப் போடவில்லை. ஏன் என்று கேட்டபோது, "தம்பி, லயத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஊசி போட ஆரம்பித்தார், அந்த வருடமே காலை எடுத்துவிட்டார்கள். என் நாத்தனாருக்கு ஊசிக்குப் பிறகுதான் கண் போனது. நான் கண்ணால் பார்த்தவள்" என்றார்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கண்டதைக் கண்டபடிதான் சொன்னார். நீரிழிவு பல ஆண்டுகள் சத்தமில்லாமல் நரம்பையும் இரத்தக் குழாயையும் அரிக்கிறது. மாத்திரை பலன் தராமல் போய், இனி வேறு வழியில்லை என்ற நிலையில்தான் பலர் ஊசிக்குச் சம்மதிக்கிறார்கள். அதற்குள் காலில் புண் வந்திருக்கும், விழித்திரையில் கசிவு தொடங்கியிருக்கும். ஊசி வந்த நேரமும் கால் போன நேரமும் ஒன்றாக அமைந்துவிடுவதால், பார்ப்பவருக்கு ஊசிதான் குற்றவாளியாகத் தெரிகிறது. உண்மை நேர்மாறானது. 1998இல் முடிவு வெளியான பிரிட்டனின் நீண்டகால ஆய்வில், இரத்தச் சர்க்கரையை மாத்திரையாலோ இன்சுலினாலோ கறாராகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு, கண், சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்ணிய இரத்தக் குழாய்ப் பாதிப்புகள் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தன. அந்த அண்ணனுக்கு ஊசி சில ஆண்டுகள் முன்னதாகவே வந்திருந்தால் கால் தப்பியிருக்கக்கூடும்.

இந்தப் பயத்தை வளர்த்ததில் மருத்துவத் துறைக்கும் பங்கு உண்டு. "ஒழுங்காக மாத்திரை சாப்பிடாவிட்டால் ஊசிதான்!" என்ற மிரட்டலைக் கேட்காத நோயாளி குறைவு. பத்து ஆண்டுகளாகத் தண்டனை என்று சொல்லிவந்ததை ஒரு நாள் திடீரென்று வரமாக நீட்டினால் யார் கை நீட்டுவார்கள்?

பயத்தில் நியாயமும் கலந்திருக்கிறது. விடிவதற்குள் செம்பனைக் குலை அறுக்கப் போகிறவர், ஊசி போட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் காட்டுக்குள்ளேயே மயங்கி விழ நேரிடும். அதை அவரிடம் மறைக்கக் கூடாது. கை நடுங்கி வியர்த்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், பையில் எப்போதும் இனிப்பு இருக்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டும். "இது மாட்டிலிருந்து எடுத்ததா?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். அதுவும் நல்ல கேள்விதான். ஒரு காலத்தில் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். நுண்ணுயிரியைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலின் 1982இல் விற்பனைக்கு வந்தது. இன்று நம் மருந்தகங்களில் கிடைப்பது அந்த வழியில் தயாராவதே.

ஆனால் மருந்தை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். இந்த மக்களுக்குப் 'புதியது' எந்த வடிவத்தில் வந்தது என்றும் பார்க்க வேண்டும். 1950களில் பெரிய தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது வேலையும் வீடும் சேர்ந்தே போயின. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது முன்னளவுக்கு ஆள் தேவைப்படவில்லை. முதுகில் பம்பைச் சுமந்து களைக்கொல்லி தெளித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதில் ஒன்றான பாராகுவாட்டை 2002இல் தடுத்தார்கள், 2006இல் தடையைத் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி முதல்தான் முற்றாகத் தடை செய்தார்கள். "ஒன்றும் ஆகாது, நல்லதுதான்" என்ற உறுதிமொழியை நம்பி இவர்கள் உடம்பால் விலை கொடுத்திருக்கிறார்கள். அதே உறுதிமொழியை இன்று வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர் சொல்லும்போது தயங்குவதை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன்.

தயங்குவது ஏழைகளுக்கு மட்டும் உரிய குணமும் அல்ல. பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877இல் ரப்பர்க் கன்றுகளை நட்டார்கள். அவற்றில் ஒரு மரத்தை இன்றும் அங்கே பார்க்கலாம். படித்த, பணம் படைத்த வெள்ளைக்காரத் துரைமார்களோ ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அதைத் திரும்பிப் பார்க்காமல் காப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரப்பர் நடுங்கள் என்று சொல்லித் திரிந்த சிங்கப்பூர்ப் பூங்கா இயக்குநர் ரிட்லிக்குப் பைத்தியக்காரர் என்று பட்டம் சூட்டினார்கள். காப்பி விலை சரிந்த பிறகுதான் மனம் மாறியது. 1847இல் வியன்னாவில் கைகழுவினால் பிரசவ மரணம் குறையும் என்று செம்மல்வைஸ் என்ற மருத்துவர் எண்ணிக்கையோடு காட்டியபோது, ஏற்க மறுத்தவர்கள் சக மருத்துவர்களே.

நம் பாட்டிமார் எல்லாப் புதுமையையும் மறுக்கிறார்களா? ஜொகூரில் இருக்கும் பேத்தியிடம் தினமும் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். பயன் அன்றைக்கே கண்ணெதிரில் கிடைக்கிறது, தவறாகப் பொத்தானை அழுத்தினாலும் உயிர் போகாது. இன்சுலினின் பயன் அப்படியில்லை. பத்து ஆண்டு கழித்துக் கால் இருக்கும் என்பதுதான் அதன் பலன். இருக்கும் காலை யார் பலனாக எண்ணுவார்கள்?

சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன், துண்டாடலுக்கு எதிராக, தொழிலாளர்களே பங்கு சேர்த்துத் தோட்டங்களை வாங்கும் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கியபோது, அதுவும் தொழிலாளர்களுக்குப் புத்தம் புதிய ஏற்பாடுதான். தோட்டம் தோட்டமாக நேரில் வந்து பேசினார். இது உங்கள் சொத்து என்றார். சொற்பக் கூலியிலும் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள் மக்கள். புதியதன் மேல் நம்பிக்கை எப்படி வருகிறது என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநில விவசாயிகள் கலப்பினச் சோளத்தை எப்படி ஏற்றார்கள் என்று ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1943இல் வெளியிட்டார்கள். விதையைப் பற்றி முதலில் சொன்னவர்கள் பெரும்பாலும் விற்பனையாளர்கள். ஆனால் நடலாம் என்ற துணிவைத் தந்தது அண்டை வயல்.

எங்கள் ஊரில் அந்த அண்டை வயல் மறைந்தே கிடக்கிறது. இன்சுலின் போட்டு நலமாக நடமாடுகிறவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. கல்யாண வீட்டில் கழிவறைக்குள் போய்ப் போட்டுக்கொள்கிறார்கள். தெரிந்தால் மகளுக்கு வரன் அமையாது என்று அஞ்சுகிறார்கள். காலை இழந்தவரை மட்டும் ஊரே பார்க்கிறது. இரண்டு காலோடு நடப்பவர் ஊசி போடுகிறவர் என்பது யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்த ஊர் வேறு எந்த முடிவுக்கு வரும்?

ஆகவே இது ஊசியை மறுப்பவர்களுக்கான வேண்டுகோள் அல்ல, ஏற்கெனவே போட்டுக்கொண்டு நலமாக இருப்பவர்களுக்கானது. கோயில் மண்டபத்தில் நாங்கள் நடத்தும் சுகாதாரக் கூட்டத்துக்கு வாருங்கள். ஊசிமுனை 4 மில்லிமீட்டர்தான் என்று நான் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். நீங்கள் எல்லார் முன்னாலும் பேனாவைத் திருகி, வயிற்றில் குத்தி, பத்து எண்ணி எடுத்துக் காட்டுங்கள். வலித்ததா என்று அவர்கள் கேட்கட்டும். மண்டபத்துக்கு வர முடியாதவர்கள், பக்கத்து வீட்டில் பேனாவைப் பிரிக்காமல் வைத்திருப்பவர் முதல் ஊசி போடும் அன்று அவர் அருகில் உட்கார்ந்திருங்கள்.