வண்ணத் திட்டமா, நிறக்கட்டா?

ஓர்க், எல்ஃப், டிராகன் சவாரிக்காரன் என்று கற்பனை உலகத்துப் பொம்மைகளுக்கு நிறம் தீட்டும் பொழுதுபோக்கு எங்கள் காரைக்குடிப் பிள்ளைகள் சிலரையும் பிடித்திருக்கிறது. ஆள் உயரமே 28 மில்லிமீட்டர்தான். ஆசை நல்லதுதான். அதற்குத் தமிழில் வரும் வழிகாட்டிகள்தாம் படுத்துகின்றன. எதைத் திறந்தாலும் 'முதலில் உங்கள் வண்ணத் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்'. எந்தப் பகுதிக்கு எந்த நிறம் என்ற சேர்க்கையைக் குறிக்கும் கலர் ஸ்கீமுக்குத் தமிழாம்!

ஸ்கீம், கிரேக்க 'ஸ்கேமா'விலிருந்து இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூலப்பொருள் வடிவம், தோற்றநிலை; வேர் 'பிடித்து நிற்றல்'. அரசு போடுகிற திட்டமும் அதுதான், பல பகுதிகள் ஒன்றையொன்று பிடித்து நிற்கும் அமைப்பும் அதுதான். நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியின் முதல் வரியோடு எழுந்துவிட்டார்.

தமிழில் திட்டம் என்றால் இனிமேல் செய்யப்போவது. ஐந்தாண்டுத் திட்டம், சத்துணவுத் திட்டம், வீட்டுவசதித் திட்டம். வேலை முடிந்தால் திட்டமும் முடிந்தது. தீட்டி முடித்து அலமாரியில் வைத்த ஓர்க்குக்கு ஏது திட்டம்? பச்சைத் தோல், பழுப்புத் தோல்வார், இடுப்பில் மங்கிய சிவப்புத் துணி. நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் நிறவட்டத்தில் பச்சைக்கு எதிரே நிற்பது சிவப்பு. அதனால்தான் அந்தச் சின்னத் துணி மேசைக்கு அப்பாலிருந்தும் கண்ணில் படுகிறது. இந்த உறவு பொம்மை உள்ளவரை அதன்மேல் இருக்கும். அதற்குத்தான் பெயர் வேண்டும். 'தீட்டுமுன் யோசிக்கிறோமே, அது திட்டம்தானே' என்பார்கள். யோசிப்பது திட்டம், யோசிக்கப்படுவது வேறு. ஐயம் இருந்தால் 'வண்ணத் திட்டத்தைத் திட்டமிடுங்கள்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

'வண்ணக் கலவை' இன்னும் மோசம். கலவை என்பது தட்டில் நீலத்தையும் மஞ்சளையும் குழைத்துப் பச்சையாக்குவது. இங்கே நிறங்கள் கலப்பதில்லை, பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 'நிறப்பொருத்தம்' அழகான சொல்தான். ஆனால் கண்ணை உறுத்தும் சேர்க்கையைப் 'பொருந்தாத பொருத்தம்' என்றா எழுதுவது?

நான் சொல்வது நிறக்கட்டு. உடற்கட்டு என்கிறோமே, அந்தக் கட்டு. நல்ல உடற்கட்டும் உண்டு, தளர்ந்த உடற்கட்டும் உண்டு. சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. பிடித்து நிற்றல் என்ற வேர்ப்பொருளும் தானாக வந்துவிடுகிறது. வண்ணத்தை விட்டு நிறத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு: வண்ணம் யாப்பில் சந்தத்துக்கும் பெயர், நிறத்துக்கு அந்தக் குழப்பம் இல்லை. தனித்தமிழ்ப் பற்றும் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கடுகு மஞ்சள் உடல், அரக்குக் கரை, கறுப்புக் கோட்டில் கட்டம். கடையில் ஆச்சிமார், 'உடலுக்குக் கரை எடுப்பா இருக்கா?' என்றுதான் கேட்பார்கள். எந்த ஆச்சியும் சேலையின் வண்ணத் திட்டத்தை விசாரித்ததில்லை. அதே நிறக்கட்டை டிராகன் சவாரிக்காரனுக்குக் கொடுக்கலாம்: அங்கி மஞ்சள், போர்வை அரக்கு, கவசத்தின் இடுக்குகளில் கறுப்பு. 28 மில்லிமீட்டரில் கட்டம் போடக் கை நடுங்கும். போர்வை ஓரத்தில் இரண்டு கோடு போதும்.

இந்த வழிகாட்டிகளில் ஒரு சொல்லோடு தொல்லை ஓய்வதில்லை. முதலில் பூசும் பேஸ் கோட் 'அடிப்படை மேலங்கி' ஆகிவிட்டது. அடிநிறம் என்றால் என்ன குறைந்துவிடும்? வாஷ் என்பது நீர்த்த கருஞ்சாயத்தை ஓடவிட்டு, துணிமடிப்பிலும் விரலிடுக்கிலும் தங்கவைத்து, நிழல் காட்டுவது. நீர்ப்பூச்சு என்றால் புரியும். நம்மவர்கள் 'இப்போது பொம்மையை நன்றாகக் கழுவவும்' என்று எழுதியிருக்கிறார்கள். பொம்மைக்குப் பூசும் அக்ரிலிக் சாயம் காய்ந்தால் தண்ணீருக்கு அசையாது, அதனால் பொம்மை பிழைக்கும். ஈரத்தோடு குழாயடிக்குப் போன பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?