மாமா கூட்டிச் சொன்ன இரண்டு அங்குலம்

வெள்ளவத்தையில் எங்கள் தெரு முனைப் பாமசி வாசலில் நிறை பார்க்கும் தராசு ஒன்று இருக்கிறது. போன மாதம் மாமா அதில் ஏறி நின்றார்: 72 கிலோ. உயரம் கேட்டேன். "அஞ்சடி ஏழு" என்றார், யோசிக்காமலே. போனில் தட்டிப் பார்த்தால், உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று காட்டும் பி.எம்.ஐ. 24.9. "இருபத்தஞ்சுக்குக் கீழதானே பிள்ளை, நான் நோர்மல்" என்று சிரித்தார்.

எனக்குச் சந்தேகம். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிக்கால் சுவரில் முட்ட நிற்க வைத்து, தலையில் ஒரு கொப்பியை மட்டமாகப் பிடித்துப் பென்சிலால் கோடு போட்டேன். 165 சென்ரிமீற்றர். அஞ்சடி ஐந்துதான். பி.எம்.ஐ. 26.4க்கு ஏறிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் உடற்திணிவுச் சுட்டி என்று படித்த அதே கணக்குத்தான். கிலோவில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.65ஐ 1.65ஆல் பெருக்கினால் 2.7225, 72ஐ அதனால் வகுத்தால் 26.4. உயரம் இரண்டு தடவை கணக்கில் வருவதால், அதில் விட்ட 3 சதவீதப் பிழை விடையில் 6 சதவீதமாகிறது. எல்லோரும் தராசைத்தான் சந்தேகிக்கிறார்கள். பொய் சொல்வது பெரும்பாலும் உயரம்.

சரி, ஏன் வர்க்கம்? மனிதர் பெட்டி மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வளர்ந்தால் நிறை உயரத்தின் கனத்தோடு, அதாவது உயரம் × உயரம் × உயரத்தோடு, கூட வேண்டும். நாம் அப்படி வளர்வதில்லை. வளர்ந்தவர்களின் நிறை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது என்று 1830களில் கண்டவர் பெல்ஜியத்தின் அடோல்ஃப் கெட்லே. அவர் வானியலாளர், புள்ளியியலாளர். தேடியது 'சராசரி மனிதனை', கொழுப்பை அல்ல. பி.எம்.ஐ. என்ற பெயரே 1972இல் அமெரிக்க உடலியலாளர் அன்செல் கீஸ் வைத்ததுதான். ஆகவே தசை எது, கொழுப்பு எது என்று இந்த எண்ணுக்குத் தெரியாது. கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது. பிள்ளைகளுக்கு வயதோடு சேர்த்துப் பார்க்கும் வேறு அட்டவணை உண்டு.

மாமா நம்பிய 25 என்ற கோடும் நமக்குக் கொஞ்சம் தாராளம். அதே பி.எம்.ஐ.யில் தெற்காசியர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடுதல். சீனி வருத்தமும் முந்தியே வருகிறது. அதனால்தான் 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்கள் 23இலேயே கவனிக்கத் தொடங்கட்டும் என்றது. இங்கேதான் இஞ்சி ரேப்புக்கு வேலை. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். நம் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் எல்லை. மாமாவின் காற்சட்டை வருடக்கணக்காக 34 அங்குலம்தான், ஆனால் அது தொப்பைக்குக் கீழே நிற்கிறது. ரேப் காட்டியது 98.

23க்கு வர அவர் 62.6 கிலோ ஆக வேண்டும். அதைச் சொன்னால் மனுசன் அன்றைக்கே கைவிட்டுவிடுவார். முதல் இலக்காக 5 சதவீதம் போதும்: 3.6 கிலோ, அதாவது 68.4. அந்தளவு குறைந்தாலே சீனியும் பிரஷரும் இறங்கத் தொடங்கும். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் அவசரப்பட வேண்டாம். முதல் வாரம் மளமளவென்று இறங்குவதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான்.

இரவுச் சோற்றைக் குறைத்தார், கடற்கரையோரம் நடந்தார், 71க்கு வந்தார். போன திங்கள் காலையில் போன்: "பிள்ளை, ஒரே இரவில ஒரு கிலோ ஏறிட்டுது." ஞாயிறு இரவு கொத்து ரொட்டியாம். ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவுக்கு மேல் சுமார் 7,700 கிலோ கலோரி வேண்டும். ஒரு கொத்து எவ்வளவு பெரிதானாலும் அவ்வளவு இராது. உப்பு பிடித்து வைத்த தண்ணீரும், வயிற்றில் இன்னும் கிடக்கும் ரொட்டியும்தான் அது.

"புதன்கிழமை திரும்ப ஏறிப் பாருங்கோ மாமா" என்றேன்.