ஆப்பிள் ஃபிரிட்டர்: ஒரு தண்ணீர்க் கணக்கு

முதல் முறை நான் சுட்ட ஆப்பிள் ஃபிரிட்டர் பார்க்க அருமையாக இருந்தது. நல்ல பொன்னிறம், மேடும் பள்ளமுமாக மொறுமொறு ஓடு. பிட்டால் உள்ளே பச்சை மாவு கூழாக வழிந்தது. அடுத்த முறை ஜாக்கிரதையாக இருக்கிறேன் பேர்வழி என்று, ஆப்பிளைக் காலையிலேயே நறுக்கிச் சர்க்கரையில் புரட்டி வைத்தேன். மாலையில் பார்த்தால் கிண்ணத்தில் சாறு தேங்கி நின்றது. அதையும் சேர்த்துக் கொட்டியதில் மாவு நீர்த்துப் போயிற்று. மேலும் மைதா போட்டு, மறுபடி கலக்கி, மறுபடி மைதா போட்டு... அன்று வந்தது சுத்தியலால் உடைக்க வேண்டிய பண்டம். இரண்டு தோல்விக்கும் காரணம் ஒன்றேதான் என்று புரியக் கொஞ்ச நாள் ஆனது. தண்ணீர்.

ஃபிரிட்டரை அறியாதவர்களுக்கு: அமெரிக்க டோனட் கடைகளில் உள்ளங்கை அகலத்தில், ஒழுங்கில்லாத வடிவத்தில், மேலே சர்க்கரைப் பூச்சு பளபளக்கக் கிடக்கும் பலகாரம் இது. பட்டைத் தூள் மணக்கும் மாவுக்குள் ஆப்பிள் துண்டுகள் ஒளிந்திருக்கும். ஐரோப்பாவில் இதன் வேர் பழையது. 1390 வாக்கில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர்கள் தொகுத்த குறிப்புகளிலேயே ஆப்பிளை மாவில் தோய்த்துப் பொரிக்கும் முறை இருக்கிறது. மாவு, முட்டை, குங்குமப்பூ, உப்பு, கூடவே ஏல் என்னும் பீரும் ஈஸ்டும். நெதர்லாந்தில் இன்றும் ஆண்டின் கடைசி நாளில் ஆப்பிள் வளையங்களை இப்படிப் பொரித்துச் சர்க்கரை தூவிச் சாப்பிடுகிறார்கள். நம் வாழைக்காய் பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாழைக்காய் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆப்பிள் கேட்காது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் நான் செய்யும் அளவு இது: 150 கிராம் மைதா, மூன்று ஸ்பூன் சர்க்கரை, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கொஞ்சம் பட்டைத் தூள், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு முட்டை, 80 மில்லி பால். பாலிலும் முட்டையிலும் உள்ள தண்ணீரைக் கூட்டினால் சுமார் 110 கிராம் வரும். இதில் போடும் இரண்டு ஆப்பிள், தோலும் விதையும் நீக்கியபின் 300 கிராம் இருக்கும். ஆப்பிளில் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீர். அதாவது 255 கிராம். மாவில் நாம் பார்த்துப் பார்த்து ஊற்றியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர், பழத்துண்டு என்ற வேஷத்தில் உள்ளே நுழைகிறது. பாலை ஒரு ஸ்பூன் கூட்டுவதா குறைப்பதா என்று யோசித்துக்கொண்டிருப்பதில் அர்த்தமே இல்லை.

அந்தத் தண்ணீர் பழத்தின் செல்களுக்குள் அடைபட்டிருக்கும் வரை பிரச்சினை இல்லை. சர்க்கரை போட்டதும் அது வெளியே வருகிறது. செல்லுக்கு வெளியே சர்க்கரைக் கரைசல் அடர்ந்திருந்தால், உள்ளிருக்கும் நீர் சவ்வைத் தாண்டி அந்தப் பக்கம் போகும். மாங்காயில் உப்புப் போட்டு வைத்தால் ஜாடியில் நீர் விடுகிறதே, அதே சவ்வூடு பரவல்தான். எனவே ஒன்று, நறுக்கியவுடன் மாவில் போட்டு உடனே பொரிக்க வேண்டும். அல்லது அந்த நீரை நாமே முன்கூட்டி வெளியேற்றிவிட வேண்டும். நான் இரண்டாவது கட்சி. அரை அங்குலத்துக்கும் குறைவாக நறுக்கி, கொஞ்சம் வெண்ணெயும் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் சேர்த்து அகலமான வாணலியில் ஐந்தாறு நிமிடம் வதக்கி, சாறு வற்றியதும் இறக்கி ஆறவிடுவேன். துண்டுகள் சுருங்கும், ருசி செறிவாகும். சூட்டோடு மாவில் போட்டால் மட்டும் வேறொரு வம்பு வரும். அதைச் சொல்கிறேன்.

எந்த ஆப்பிள் என்பதும் முக்கியம். ஆப்பிளின் பருமனில் கிட்டத்தட்ட கால் பங்கு காற்று. தண்ணீரில் போட்டால் மிதப்பது அதனால்தான். செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பசை பெக்டின். சூட்டில் பெக்டின் தளர்ந்து, இடையில் இருக்கும் காற்றும் விரிந்தால் சில வகை ஆப்பிள்கள் அப்படியே குழைந்துவிடும். கடையில் நெடுநாள் இருந்த சிவப்பு ஆப்பிளைக் கடித்தால் மாவு மாவாக இருக்குமே, அங்கே செல்கள் உடைவதே இல்லை; பசை விட்டுப்போய்ச் செல்கள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன, சாறு நாக்குக்கு வருவதில்லை. ஃபிரிட்டருக்கு அது தோதுப்படாது. பச்சை நிற கிரானி ஸ்மித் தான் பெரும்பாலோர் தேர்வு. 1868ல் ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே மரியா ஆன் ஸ்மித் என்ற மூதாட்டியின் தோட்டத்தில் தானாக முளைத்த வகை அது. கெட்டியானது, வதக்கினாலும் துண்டு துண்டாகவே நிற்கும். அதன் மாலிக் அமிலப் புளிப்பு, மேலே வரப்போகும் இனிப்புக்கு ஒரு கடிவாளம்.

அடுத்து மாவு. மைதாவில் தண்ணீர் பட்டுக் கலக்கக் கலக்க, அதிலுள்ள புரதங்கள் பின்னிக்கொண்டு குளூட்டன் வலையாகின்றன. பரோட்டாவுக்கு அது வேண்டும், அடித்துப் பிசைந்து வரவழைக்கிறோம். இங்கே அதே வலை எதிரி. கட்டி இருந்தால் இருக்கட்டும், பத்துப் பதினைந்து சுற்றோடு கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். என் இரண்டாம் தோல்வியில் நான் கால் மணி நேரம் கலக்கினேன். சுத்தியல் தேவைப்பட்டதில் வியப்பில்லை.

அப்புறம் பேக்கிங் பவுடர். 1843ல் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற ஆங்கில வேதியியலாளர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக இதைச் செய்தார். சமையல் சோடா, ஓர் உலர்ந்த அமிலம், இரண்டும் டப்பாவுக்குள் சண்டை போடாமல் இருக்கக் கொஞ்சம் ஸ்டார்ச். இப்போது கிடைப்பது பெரும்பாலும் இரண்டு கட்டமாக வேலை செய்வது. ஈரம் பட்டவுடன் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு, சூடு ஏறியதும் மீதி. சூடான ஆப்பிளை மாவில் கொட்டினால் வரும் வம்பு இதுதான்: இரண்டாம் கட்ட வாயு எண்ணெய்க்குப் போகும் முன்பே கிண்ணத்திலேயே பொங்கித் தீர்ந்துவிடும். டோனட் கடைகளில் ஈஸ்ட் மாவைப் புளிக்கவைத்து, அதில் ஆப்பிளும் பட்டையும் பரப்பி, கொத்து பரோட்டா போல் கொத்தி அள்ளிப் பொரிக்கிறார்கள். பட்டையிலுள்ள சின்னமால்டிஹைடு ஈஸ்டை மந்தமாக்கும் என்பதால், மாவு நன்றாக எழும்பியபின் அதைச் சேர்ப்பது புத்திசாலித்தனம்தான். வீட்டில் ஒரு மாலை நேரத்துக்கு பேக்கிங் பவுடரே போதும்.

இனி எண்ணெய். 175 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால் ஒரு சொட்டு மாவு போதும். அடியில் போய், தயங்காமல் குமிழிகளோடு மேலே வர வேண்டும். முதல் ஃபிரிட்டரைப் போட்டபோது பக்கத்தில் நின்ற அம்மா, “ஆப்பிளை எல்லாம் எதுக்குடா எண்ணெயில போடுற?” என்றாள். நான் நிறத்தைப் பார்த்துக் கரண்டியை நீட்டியபோது, “சத்தம் அடங்கலையே, அதுக்குள்ள ஏன் எடுக்கிற?” என்றாள். நான் கேட்கவில்லை. உள்ளே கூழ்.

அந்தச் சத்தம் என்ன? மாவின் மேல்பரப்பில் உள்ள நீர் 100 டிகிரியைத் தொட்டதும் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியானால் ஒன்றரை லிட்டருக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். அவ்வளவு ஆவியும் குறுகிய துளைகள் வழியே முண்டியடித்து வெளியே வந்து எண்ணெயில் குமிழி குமிழியாக வெடிப்பதுதான் அந்த இரைச்சல். முறுக்குச் சுடும்போது ஓசை அடங்கியதும் எடு என்பார்களே, தண்ணீர் தீர்ந்துவிட்டது என்பதைக் காதால் அளக்கும் முறை அது. ஃபிரிட்டரில் சத்தம் முழுதும் ஓயாது, ஓயவும் கூடாது, உள்ளே மெத்தென்று இருக்க வேண்டுமே. ஆனால் படபடவென்ற பெருத்த இரைச்சல் மெல்லிய சலசலப்பாகத் தணியும். அந்த மாற்றத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

உள்ளே கூழாவதற்கும் தண்ணீரே காரணம். ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 70 கலோரி வெப்பம் போதும். ஆனால் அதை ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும், ஏறக்குறைய எட்டு மடங்கு. எண்ணெய் கொடுக்கும் வெப்பத்தில் பெரும்பகுதியை இந்த ஆவியாதலே விழுங்கிவிடுகிறது. எண்ணெய் எவ்வளவு கொதித்தாலும், ஈரம் இருக்கும் உட்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. அடுப்பைத் தூண்டினால் உள்ளே வேகம் கூடும் என்று நினைத்து நான் செய்ததெல்லாம், ஓட்டைக் கருக்கியதுதான். வழி வேறு: உருண்டையாகப் போடாமல் கரண்டியால் லேசாகத் தட்டையாக்கிவிட வேண்டும். வெப்பம் நடுவரை நடக்க வேண்டிய தூரம் குறையும். ஓரங்களில் மாவு பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது, அத்தனையும் மொறுமொறுப்பாகும். கடை ஃபிரிட்டர் அப்படிக் கோணல்மாணலாக இருப்பதற்கு நியாயம் இருக்கிறது.

ஒரே நேரத்தில் எட்டுப் பத்து போட்டால் எண்ணெயின் சூடு சரிந்துவிடும். ஆவி பலமாக வராது, ஓடு பிடிக்க நேரமாகும், பண்டம் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். மூன்று நான்கோடு நிறுத்துங்கள்.

எண்ணெய் குடிப்பது பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு தவறான எண்ணம் இருந்தது. வாணலியில் கிடக்கும்போதுதான் குடிக்கிறது என்று நினைத்திருந்தேன். ஆவி பீறிட்டு வெளியே வரும் வரை, எண்ணெய் எதிர்த்திசையில் உள்ளே போவது கடினம். வெளியே எடுத்த பிறகுதான் சங்கதி. ஓடு ஆறத் தொடங்கியதும் துளைகளில் உள்ள ஆவி குளிர்ந்து நீராகச் சுருங்கும். உள்ளே அழுத்தம் குறையும். மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் அந்த வெற்றிடத்துக்குள் உறிஞ்சப்படும். எனவே எடுத்த முதல் சில விநாடிகள்தான் பொன்னானவை. ஜல்லிக் கரண்டியில் வைத்தே இரண்டு உதறு உதறி எண்ணெயை வழியவிட வேண்டும். பிறகு ஒன்றன்மேல் ஒன்று குவிக்காமல் கம்பித் தட்டில் பரப்ப வேண்டும். குவித்தால் அடியில் கிடப்பதன் ஓடு, தன் ஆவியிலேயே நமத்துப்போகும்.

ஓடு காய்ந்த இடங்களில் சூடு 100 டிகிரியைத் தாண்டும். அங்கே 140 டிகிரிக்கு மேல் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுப்பாகும் மயார் வினை மும்முரமாகிறது. 1912ல் பிரெஞ்சுக்காரர் லூயி கமீல் மயார் விவரித்தது. ஆப்பிள் துண்டு வெளியே எட்டிப் பார்க்கும் இடம் மட்டும் சீக்கிரம் கருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆப்பிளின் சர்க்கரையில் பாதிக்கு மேல் ஃபிரக்டோஸ். அது வெள்ளைச் சர்க்கரையைவிடக் குறைந்த சூட்டிலேயே, 110 டிகிரி வாக்கிலேயே, கருகத் தொடங்கிவிடும். மாவிலும் சர்க்கரையை அள்ளிப் போட்டால் உள்ளே வேகும் முன்பே மேலே கருகிவிடும். அதனால்தான் மாவில் இனிப்பைக் குறைத்து, பொரித்தபின் மேலே பூசுகிறார்கள். அந்தப் பூச்சு அழகுக்கு வந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பூச்சுக்கு 150 கிராம் ஐசிங் சுகர், மூன்று மேசைக்கரண்டி, அதாவது 45 மில்லி பால், ஒரு துளி வெனிலா. இதைக் கலக்கினால் வெள்ளை வெளேரென்ற குழம்பு வரும். ஏன் வெள்ளை? 45 மில்லி பாலில் தண்ணீர் 39 கிராம்தான். சாதாரண அறைச் சூட்டில் தண்ணீர் தன் எடையைப் போல இரண்டு மடங்கு சர்க்கரையைக் கரைக்கும். ஆக, கரைவது 78 கிராம். மீதி சுமார் 70 கிராம் கரைய இடமில்லாமல் நுண்ணிய படிகங்களாக மிதக்கிறது. ஒளி அவற்றில் பட்டுச் சிதறுவதால் வெண்மை.

இப்போது சூடாக இருக்கும் ஃபிரிட்டரை இதில் புரட்டிப் பாருங்கள். வெள்ளைக் குழம்பு கண்ணெதிரே கண்ணாடியாகிறது. 80 டிகிரியில் அதே 39 கிராம் தண்ணீர் சுமார் 140 கிராம் சர்க்கரையைக் கரைத்துவிடும், அதாவது கிட்டத்தட்ட எல்லாவற்றையும். படிகங்கள் மறைந்தால் ஒளி சிதறாது. இதை முதல் தடவை பார்த்தபோது நான் அடுத்ததைப் பொரிக்க மறந்து நின்றுவிட்டேன். பிறகு ஆறும்போது கரைசல் தாங்க முடியாமல் சர்க்கரையைத் திரும்ப வெளியே தள்ளும். கரையாமல் தங்கிய துகள்கள் விதைகளாகி, அவற்றைச் சுற்றி எண்ணற்ற சின்னஞ்சிறு படிகங்கள் வளரும். விதை நிறைய இருந்தால் படிகம் சின்னதாக இருக்கும், நாக்கில் நறநறக்காது. கடித்தால் மெல்லிய ஓடாக மொறுக்கென்று உடையும். பாதுஷாவின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும் சர்க்கரையும் இதே வித்தைதான், அங்கே பாகின் பதம் பார்த்து வரவழைக்கிறார்கள்.

மிக்ஸியில் அரைத்த சர்க்கரையில் இது கொஞ்சம் சறுக்கும். துகள் சற்றுப் பெரிது. கடை ஐசிங் சுகரில் கட்டி பிடிக்காமலிருக்கக் கலந்திருக்கும் சோள மாவும் இதில் இருக்காது. அரைத்ததைச் சல்லடையில் சலித்து ஒரு ஸ்பூன் சோள மாவு சேர்த்தால் சமாளிக்கலாம். ஃபிரிட்டர் ரொம்பச் சூடாக இருக்கும்போது புரட்டினால் பூச்சு வழிந்து தட்டில் சேரும். முழுதும் ஆறியபின் புரட்டினால் தடித்த வெள்ளைச் சட்டை போட்டது போல் நிற்கும். எடுத்து இரண்டு மூன்று நிமிடம் கழித்து, விரலால் தொட முடிகிற சூட்டில் புரட்டுவது என் கணக்கு.

சென்னை ஐப்பசி மழையில் இதைச் செய்தால் பூச்சு இறுகவே இறுகாது. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் சர்க்கரை காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். பாலுக்குப் பதில் ஆப்பிள் சாறு ஊற்றினால் நிலைமை இன்னும் மோசம், அதிலுள்ள ஃபிரக்டோஸ் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே பிசுபிசுக்கும்.

மிச்சம் வைத்தால் தண்ணீர் தன் பயணத்தை நிறுத்தாது. ஆப்பிளிலிருந்து மாவுக்கும், மாவிலிருந்து காய்ந்த ஓட்டுக்கும், ஓட்டிலிருந்து பூச்சுக்கும் இரவெல்லாம் நகரும். எவர்சில்வர் டப்பாவில் மூடி வைத்ததைக் காலையில் திறந்தால் ஓடு தொளதொளவென்றும், பூச்சு வியர்த்தும் இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் மாவின் ஸ்டார்ச் இன்னும் சீக்கிரம் இறுகி வறட்டென்று ஆகிவிடும். காற்றாடத் தட்டில் வைத்து, காலையில் தோசைக்கல்லில் மெல்லிய தீயில் திருப்பிப் போட்டு எடுத்தால் ஓடு கொஞ்சம் மீளும், பூச்சு உருகிக் கல்லில் ஒட்டும். அம்மா அந்தக் கல்லைச் சுரண்டிக்கொண்டே, “அடுத்த தடவை அளவா செய்டா” என்றாள்.