ஓட்டை வழியே தெரியும் ஒரு சொல்

ஒரு மென்பொருளை வேறு மொழிக்குக் கொண்டுபோகிறவர் முன்னால் பெரும்பாலும் அந்த மென்பொருளே இருப்பதில்லை. நீளமான ஒரு பட்டியல்தான் இருக்கும். இடது பக்கம் ஆங்கிலச் சொற்கள், வலது பக்கம் அவர் நிரப்ப வேண்டிய காலி இடங்கள். அந்தப் பட்டியலில் ‘எம்ப்டி’ என்று ஒற்றைச் சொல் வருகிறது, நிரப்ப வேண்டிய மொழி டேனிஷ் என்று வைத்துக்கொள்வோம். முன்னும் பின்னும் எதுவும் இல்லை. என்ன எழுதுவது?

குப்பைத் தொட்டியைக் காலி செய்யச் சொல்லும் பொத்தான் என்றால் டேனிஷில் ‘தெம்’. தொட்டி காலியாக இருக்கிறது என்று தெரிவிக்கும் குறிப்பு என்றால் ‘தொம்’. ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம். ஆனால் ஒன்று கட்டளை, மற்றது நிலை. அதோடு முடியவில்லை. டேனிஷ் பெயர்ச்சொற்கள் பொதுப்பால், நடுப்பால் என்று இரண்டாகப் பிரிந்திருக்கின்றன. பெயரடையும் அதற்கேற்ப மாறும். கோப்புறையைக் குறிக்கும் ‘மாப்பெ’ பொதுப்பால். அது காலியாக இருந்தால் ‘தொம்’. கணினியின் டிரைவைக் குறிக்கும் ‘ட்ரெவ்’ நடுப்பால். அது காலியாக இருந்தால் ‘தொம்த்’. பல கோப்புறைகள் காலியாக இருந்தால் ‘தொம்மெ’. ஆங்கிலத்தில் ஒரே சொல், டேனிஷில் நான்கு பதில். (டேனிஷ் ஒலிகளைத் தமிழ் எழுத்தில் அப்படியே பிடிக்க முடியாது. இங்கே எழுதியிருப்பதெல்லாம் கிட்டத்தட்டத்தான்.)

இந்த நிலைமையை 1949இலேயே ஒருவர் அழகாகப் படம்பிடித்திருக்கிறார். அவர் பெயர் வாரன் வீவர். அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையில் இயற்கை அறிவியல் பிரிவுக்கு இயக்குநராக இருந்தவர். கணினியை வைத்து மொழிபெயர்க்க முடியுமா என்று யோசித்து, அந்த ஆண்டு ஒரு குறிப்பு எழுதித் தெரிந்த அறிஞர்களுக்கு அனுப்பினார். ஒரு புத்தகப் பக்கத்தை ஒளி புகாத அட்டையால் மூடிவிட்டு, ஒரே ஒரு சொல் தெரியும் அளவுக்கு அட்டையில் ஓட்டை போட்டுப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் அதில். அந்தச் சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்று சொல்லவே முடியாது. ஓட்டையை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பொருள் தெளிந்துவிடும். எவ்வளவு அகலம் போதும்? அதுதான் அவர் கேட்ட கேள்வி. மொழிபெயர்ப்பைப் பற்றி இதைவிடப் பயனுள்ள கேள்வியை நான் படித்ததில்லை.

சில சொற்களுக்கு அரை அங்குல அகலமே போதும். ‘நெய்ல்’ என்றால் ஆங்கிலத்தில் நகமும் உண்டு, ஆணியும் உண்டு. டேனிஷில் நகம் ‘நைல்’, ஆணி ‘செம்’. பக்கத்திலேயே சுத்தியல் வந்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. ‘லெட்டர்’ அப்படித்தான்: தபாலில் வருவது ‘ப்ரெவ்’, அகர வரிசையில் வருவது ‘பொக்ஸ்டாவ்’. இப்படிப்பட்ட சொற்கள் அகராதியில் பக்கம் பக்கமாக இருந்தாலும் உண்மையில் தொல்லை தருவதில்லை. இன்னும் சில இடங்களில் யோசிக்கவே வேண்டாம். கணினி மவுஸுக்கும் எலிக்கும் டேனிஷிலும் ஒரே சொல்தான், ‘மூஸ்’. மரத்தின் வேர், பல்லின் வேர், கணக்கில் வரும் வர்க்கமூலம் மூன்றுக்கும் ஆங்கிலத்தைப் போலவே அங்கும் ஒரே சொல், ‘ரோத்’. ஆங்கிலம் எங்கே மயங்குகிறதோ அங்கேயே டேனிஷும் மயங்கினால் மொழிபெயர்ப்பாளருக்கு வேலை மிச்சம்.

உண்மையான சிக்கல், ஆங்கிலேயர் பல பொருள் இருப்பதாகவே நினைக்காத சொற்களில் இருக்கிறது. ‘நோ’ என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். நம்முடைய ‘தெரியும்’. அவர் வீடு எங்கே என்று எனக்குத் தெரியும், அவரை எனக்குத் தெரியும், எனக்கு டேனிஷ் தெரியும். மூன்றிலும் நமக்கு ஒரே ‘தெரியும்’தான். மூன்று வேறு சொற்களைப் பயன்படுத்துகிறோம் என்ற உணர்வே வராது. ஆங்கிலேயருக்கும் வராது. டேனிஷ்காரரோ தகவல் தெரிவதை ‘வீதெ’ என்பார், ஆளைத் தெரிவதை ‘கென்னெ’ என்பார், மொழி தெரிவதை ‘குன்னெ’ என்பார். கடைசிச் சொல்லுக்கு ‘முடியும்’ என்றும் பொருள். ‘எனக்கு டேனிஷ் முடியும்’ என்பதுபோல் ஒரு வாக்கியம் அது. ஆக, ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்பது அந்தச் சொல்லைப் பார்த்து மட்டும் சொல்லக்கூடிய கணக்கு இல்லை. எதிரே எந்த மொழி நிற்கிறதோ அதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும்.

‘திங்க்’ இன்னும் சுவாரசியம். ‘அது நல்ல படம் என்று நினைக்கிறேன்’ என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொல்கிறார். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, பிடித்திருந்ததால் சொன்னால் டேனிஷில் ‘சூனெஸ்’ வர வேண்டும். இன்னும் பார்க்கவில்லை, நாலு பேர் சொல்லிக் கேட்டதை வைத்து நன்றாக இருக்கும்போல என்கிறார் என்றால் ‘த்ரோ’ வர வேண்டும். யோசித்து, இதுதான் என் நிலைப்பாடு என்று வாதம் செய்வதுபோல் சொன்னால் ‘மேனெ’. மனசுக்குள் யோசனை ஓடுவதற்கு ‘தெங்கெ’ தனியாக இருக்கிறது. கவனியுங்கள்: அந்த ஒரு வாக்கியத்தை டேனிஷில் எழுதுவதற்கு, பேசுகிறவர் படத்தைப் பார்த்தாரா இல்லையா என்பது மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிந்தாக வேண்டும். ஆங்கிலம் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. டேனிஷுக்கு இருக்கிறது.

சரி, ஒரு முழு வாக்கியத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ‘மை அங்கிள் புட் த கிளாஸஸ் ஆன் த டேபிள்.’ பள்ளிப் பாடம்போல் எளிமையாக இருக்கிறது. ஆனால் ‘கிளாஸஸ்’ மூக்குக்கண்ணாடியா, தண்ணீர் குடிக்கும் கண்ணாடித் தம்ளர்களா? மூக்குக்கண்ணாடி ‘ப்ரில்லர்’. தம்ளர் ‘கிளாஸ்’. அப்புறம் அந்த ‘புட்’. தமிழில் எதையும் ‘வைத்தார்’ என்று சொல்லிவிடலாம். டேனிஷில் வைத்த பிறகு அந்தப் பொருள் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். கிடக்கும் பொருளை வைப்பது ‘லெகெ’. நிற்கும் பொருளை வைப்பது ‘ஸ்டில்லெ’; ‘செத்தெ’ என்ற சொல்லும் பல இடங்களில் வரும். மூக்குக்கண்ணாடி மேசையில் கிடக்கும். தம்ளர் நிற்கும். புத்தகம் அலமாரியில் நிற்கும், மேசையில் கிடக்கும். தட்டையான சாப்பாட்டுத் தட்டுகூட டேனிஷில் மேசைமேல் நிற்கிறது, ஏனென்றால் அதற்கு அடிப்பாகம் என்று ஒன்று இருக்கிறது, அது அதன்மேல் நேராக உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் உள்ள கத்தி மட்டும் கிடக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், சொற்கள் ஒன்றையொன்று பிடித்து இழுப்பது. ‘ப்ரில்லர்’ என்று முடிவு செய்தால் ‘லெகெ’ தானாக வந்து சேர்கிறது. தம்ளர் என்று முடிவு செய்தால் ‘ஸ்டில்லெ’. தப்பாக எடுத்தால் இரண்டும் சேர்ந்தே தப்பாகும், வாக்கியம் மட்டும் எந்தக் குறையும் இல்லாததுபோல் தெரியும். டென்மார்க்கில் பெரியவர்களுக்கான வெளிநாட்டுப் படங்களுக்கும் தொடர்களுக்கும் பின்னணிக் குரல் கொடுப்பதில்லை, அடியில் வசன வரி போடுகிறார்கள். அந்த வரிகளை எழுதுகிறவருக்கு ஓட்டை அகலம்: திரையில் மேசையே தெரிகிறது. புத்தகத்தை மொழிபெயர்க்கிறவர் முந்தைய பத்திகளில்தான் தேட வேண்டும்.

அந்த வாக்கியத்தில் ‘அங்கிள்’ இன்னும் பாக்கி. டேனிஷில் ‘மோர்’ என்றால் அம்மா, ‘ஃபார்’ என்றால் அப்பா. உறவுச் சொற்களை இந்த இரண்டையும் வைத்தே கட்டுகிறார்கள். அம்மாவின் அம்மா ‘மோர்மோர்’, அப்பாவின் அம்மா ‘ஃபார்மோர்’. அம்மாவின் சகோதரர் ‘மோர்புரோர்’, அப்பாவின் சகோதரர் ‘ஃபார்புரோர்’. அம்மாவின் சகோதரி ‘மோஸ்தர்’, அப்பாவின் சகோதரி, அதாவது அத்தை, ‘ஃபாஸ்தர்’. 1980களில் டென்மார்க்கில் வந்து குடியேறிய இலங்கைத் தமிழர் வீடுகளில் அம்மம்மா, அப்பம்மா என்று அழைத்து வளர்ந்த பிள்ளைகள் டேனிஷில் இதற்கு நேர்ச் சொல் தேடியிருக்கவே மாட்டார்கள். கட்டுமானமே ஒன்றுதான். தமிழ் இன்னும் ஒரு படி மேலே போய், அப்பாவின் சகோதரர் என்றால் மூத்தவரா இளையவரா, பெரியப்பாவா சித்தப்பாவா என்று கேட்கும். டேனிஷ் அதுவரை போவதில்லை. ஆங்கிலம் எதையுமே கேட்பதில்லை.

ஆகவே ஓர் ஆங்கில நாவலில் ‘கிராண்ட்மதர்’ வந்து, எந்தப் பக்கத்துப் பாட்டி என்று ஆசிரியர் கடைசி வரை சொல்லாமலே போனால் என்ன செய்வது? ‘பெஸ்தமோர்’ என்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவான சொல் ஒன்று இருக்கிறது, பிழையும் இல்லை. ஆனால் பேரக்குழந்தை வாய் நிறையக் கூப்பிடும்போது பெரும்பாலான வீடுகளில் கேட்பது மோர்மோரும் ஃபார்மோரும்தான். ஆசிரியர் உயிரோடு இருந்தால் அவரிடமே கேட்டுவிடுவதுதான் நேர்மையான வழி என்று நினைக்கிறேன். அவரும் அதுவரை யோசித்திருக்காமல் இருக்கலாம்.

இயந்திரங்களுக்கு வருவோம். 1960இல் யெஹோஷுவா பார்-ஹிலெல் என்ற அறிஞர் ஓர் எடுத்துக்காட்டை முன்வைத்தார். கணினி மொழிபெயர்ப்புக்கென்றே 1951இல் அமெரிக்காவின் எம்ஐடியில் முழுநேரமாக அமர்த்தப்பட்டவர் அவர், அதனால் அந்தத் துறையின் உள்ளும் புறமும் அறிந்தவர். ஒரு சிறுவன் பொம்மைப் பெட்டியைத் தேடுகிறான், கடைசியில் கண்டுபிடிக்கிறான், ‘த பாக்ஸ் வாஸ் இன் த பென்’. பென் என்றால் பேனா. சின்னக் குழந்தைகளை உள்ளே விட்டு விளையாட வைக்கும் அடைப்புக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். டேனிஷில் இந்த அடைப்பு ‘க்ராவ்லெகோர்’, தவழும் முற்றம் என்று பிரித்துப் பொருள் கொள்ளலாம். பேனாவைக் குறிக்கும் சொல்லுக்கும் இதற்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. பெட்டி பேனாவுக்குள் போகாது என்பது நமக்கு உலகம் தெரிவதால் தெரிகிறது, இலக்கணத்தால் தெரிவதில்லை, அந்த உலக அறிவை இயந்திரத்துக்கு ஊட்ட முடியாது என்றார் அவர்.

பிறகு வந்தவர்கள் வேறு வழியில் போனார்கள். மனிதர்கள் ஏற்கனவே மொழிபெயர்த்து வைத்ததைக் குவித்து, எந்தச் சூழலில் எந்தச் சொல் வருகிறது என்று எண்ணினார்கள். டென்மார்க் 1973இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்ததால் ஐரோப்பிய நாடாளுமன்றப் பேச்சுகளெல்லாம் டேனிஷிலும் கிடைத்தன. 1996 முதலான பேச்சுகளைத் தொகுத்து உருவாக்கிய ‘யூரோபார்ல்’ தொகுப்பில் முதலில் இருந்த 11 மொழிகளில் டேனிஷும் ஒன்று. ஆனால் நாடாளுமன்றத்தில் யாரும் மூக்குக்கண்ணாடியை மேசையில் வைப்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எந்தப் பேச்சைப் படித்ததோ அந்தப் பேச்சின் வாடைதான் இயந்திரத்துக்கு வரும்.

2017இல் வெளிவந்த டிரான்ஸ்ஃபார்மர் என்ற கணினி அமைப்பு வீவரின் ஓட்டையைச் சட்டென்று அகலமாக்கியது. அதில் ஒவ்வொரு சொல்லும் எண்களின் வரிசையாக மாறுகிறது. அந்த எண்கள் நிலையானவை இல்லை. வாக்கியத்தில் உள்ள மற்ற சொற்களில் எது தனக்கு முக்கியம் என்று ஒவ்வொரு சொல்லும் அளந்து, முக்கியமானவற்றிலிருந்து அதிகமாக வாங்கிக்கொண்டு தன்னை மாற்றிக்கொள்கிறது. பக்கத்தில் ‘குடித்தார்’ இருந்தால் ‘கிளாஸஸ்’ தம்ளர் பக்கம் நகரும், ‘படித்தார்’ இருந்தால் மூக்குக்கண்ணாடி பக்கம் நகரும். கூகுள் இதை விளக்கக் காட்டிய வாக்கியம் டேனிஷுக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது: ‘த அனிமல் டிடன்ட் க்ராஸ் த ஸ்ட்ரீட் பிகாஸ் இட் வாஸ் டூ டயர்ட்’, அதாவது மிகவும் களைத்துப்போனதால் விலங்கு தெருவைக் கடக்கவில்லை. களைத்தது ‘இட்’, அதாவது விலங்கு. கடைசியில் வரும் ‘டயர்ட்’ என்பதை ‘வைட்’, அதாவது அகலம், என்று மாற்றினால் ‘இட்’ தெருவாகிவிடும். டேனிஷில் விலங்கு நடுப்பால், எனவே ‘தே’. தெரு பொதுப்பால், எனவே ‘தென்’. வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பார்த்த பிறகுதான் அந்தச் சின்னச் சொல்லை எழுத முடியும். இன்றைய இயந்திரங்கள் இதை நன்றாகவே செய்கின்றன. பார்-ஹிலெலின் பேனாவையும் பல சமயம் சரியாகத் தாண்டுகின்றன.

ஆனால் ஓட்டையை எவ்வளவு அகலமாக்கினாலும் பக்கத்தில் எழுதப்படாதது தெரியாது. பாட்டி எந்தப் பக்கத்துப் பாட்டி என்பது புத்தகத்திலேயே இல்லை என்றால் இயந்திரம் தான் படித்ததில் அதிகம் வந்ததை வைத்து ஊகிக்கும். ஊகித்ததைத் தெரிந்ததுபோலவே எழுதும். இதுதான் எனக்குக் கவலை தருகிறது. மனிதர் என்றால் அங்கே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பார்.

பட்டியலுக்குத் திரும்புவோம். கட்டற்ற மென்பொருள்களில் பரவலாகப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் என்ற கருவி, ஒரே ஆங்கிலச் சொல் பத்து இடத்தில் வந்தாலும் அதை ஒரே பதிவாகச் சுருக்கிவிடும். பொத்தானில் இருக்கும் ‘எம்ப்டி’யும் குறிப்பில் இருக்கும் ‘எம்ப்டி’யும் ஒன்றாகிவிட்டால், மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இரண்டில் ஓர் இடம் தப்பாகத்தான் இருக்கும். இதற்காகவே ஒவ்வொரு பதிவிலும் சூழலைக் குறிக்க ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். நிரல் எழுதுகிறவர் அங்கே ‘பொத்தான், குப்பைத் தொட்டிக்கு’ என்று இரண்டு மூன்று சொல் சேர்த்தால் போதும், பதிவு இரண்டாகப் பிரியும். முதலாவதில் ‘தெம்’ எழுதலாம். இரண்டாவதில் ‘கோப்புறையின் நிலை’ என்றிருந்தால் ‘தொம்’ எழுதலாம். வெறுமே ‘நிலை’ என்று மட்டும் இருந்தால், எதன் நிலை, ஒன்றா பலவா என்று திரும்பக் கேட்டு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.