பழைய கிளாரினெட்டைப் பழுது பார்க்கலாமா?

கொழிஞ்சாம்பாறையில் உறவினர் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து சென்ற மாசியில் ஒரு கிளாரினெட் இறங்கியது. அவருடைய தாத்தா பேண்டு செட்டில் வாசித்த கருவி. பெட்டியின் உள்துணியைப் பூச்சி அரித்திருந்தது; துளைகளைத் திறந்து மூடும் உலோகக் கீக்கள் கறுத்திருந்தன; ஊதினால் காற்றுச் சீறியதே தவிர நாதம் எழவில்லை. வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்யலாமா, கண்ணாடி அலமாரியில் வைத்துவிடலாமா என்று கேட்டார். கண்ணை முதலில் உறுத்தும் இந்தக் குறைகள் எவையும் அந்த முடிவைத் தீர்மானிப்பதில்லை.

கிளாரினெட் என்பது ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள நேர்க்குழாய். ஊதும்போது அதிரும் நாணல் சீவலான ரீடு பொருத்திய முனை, திறந்திருப்பதுபோலத் தோன்றினாலும், ஒலியலையைப் பொறுத்தவரை மூடிய முனையாகவே நடந்துகொள்கிறது. அதனால்தான் சட்ஜமத்தை ஊதிக்கொண்டே கட்டைவிரல் கீயைத் திறந்தால், புல்லாங்குழலைப்போல மேல் சட்ஜமம் வராமல், அதற்கும் மேலேயுள்ள பஞ்சமம் ஒலிக்கிறது. குழாய்க்குள் இப்படி அழுத்தம் ஏறி இறங்க வேண்டுமானால், மூடியிருக்க வேண்டிய துளைகள் முழுமையாக மூடியிருக்க வேண்டும். மேற்பகுதியில் ஒரே ஒரு பேடு (கீயின் அடியில் துளையை அடைக்கும் சிறு மெத்தை) மயிரிழை அளவு விலகியிருந்தாலும், அழுத்தம் அங்கேயே கசிந்து, அதற்குக் கீழேயுள்ள ஸ்வரங்கள் அனைத்தும் பலவீனப்படும்.

கசிவைக் கண்டறியக் கடைக்குப் போக வேண்டியதில்லை. மேல் பாகத்தைத் தனியே கழற்றித் துடைத்து, துளைகளை விரல்களால் மூடி, கீழ்முனையை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு மேல்முனையில் காற்றை உறிஞ்சினால், நல்ல கருவி அந்த வெற்றிடத்தைச் சில நொடிகளாவது தாங்கி, வாயை எடுக்கும்போது 'டப்' என்று ஓசை எழுப்பும். எங்கள் கருவி ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. சிகரெட் தாளைக் கீற்றாக வெட்டி ஒவ்வொரு பேடின் அடியிலும் வைத்து இழுத்துப் பார்த்தபோது, உச்சியிலிருந்த இரண்டு பேடுகளில் தாள் பிடிபடாமல் நழுவி வந்தது. அவற்றின் மேல்தோல் கிழிந்திருந்தது. பேடு, கார்க், ஸ்பிரிங் ஆகியவை எப்படியும் தேய்ந்து மாற்றப்பட வேண்டியவைதான். இவற்றுக்காக ஒரு கருவியைக் கைவிடுவது, டயர் தேய்ந்ததென்று வண்டியை எடைக்குப் போடுவதற்குச் சமம்.

மரத்தின் கதை வேறு. தரமான கிளாரினெட்டுகள் நம் மலைகளின் ஈட்டி மரத்துக்கு உறவான ஆப்பிரிக்கக் கருமரத்தில் கடையப்படுகின்றன. மரம் ஈரத்தில் பருக்கும்போது நார் ஓடும் திசையில் மிகக் குறைவாகவும் குறுக்கே அதிகமாகவும் விரிகிறது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் வறண்ட கிழக்குக் காற்றில் ஒருவர் வாசிக்கும்போது, மூச்சின் ஈரத்தால் குழாயின் உட்புறம் பருக்க, வெளிப்புறமோ சுருங்குகிறது. இழுபடும் மரம் நீளவாக்கில் வெடிக்கிறது. மூச்சு முதலில் படும் மேல் பாகத்தில்தான் இந்த வெடிப்பு பெரும்பாலும் தோன்றும். மேற்பரப்போடு நின்ற வெடிப்பைப் பசையும் மரத்தூளும் கொண்டு அடைத்துவிடலாம். அது துளைகளின் ஊடே ஓடி உட்குழாயை எட்டியிருந்தால் செலவும் ஐயமும் கூடும். எபோனைட் என்ற கெட்டி ரப்பரால் ஆன கருவியானால் இந்தத் தொல்லை இல்லை. கறுப்பு பழுப்பாக வெளிறியிருப்பதும், விரலால் அழுந்தத் தேய்த்தால் கந்தக நெடி வீசுவதும் எபோனைட்டின் அடையாளங்கள்.

எங்கள் கருவியில் மேலோட்டமான ஒரு கீறல் மட்டுமே இருந்தது. ஆனால் மரத்தில் 'ஹெச்.பி.' என்று இரண்டு எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. 'ஹை பிட்ச்', அதாவது உயர்சுருதி என்பது அதன் பொருள். பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் 1920கள் வரை வாசித்த சுருதி அது. இன்றைய வழக்கில் நொடிக்கு 440 அதிர்வுகளாக இருக்கும் ஸ்வரம் அதில் ஏறத்தாழ 452. நம் கணக்கில் கால் கட்டை ஏற்றம். சாதாரணக் கிளாரினெட் சுமார் 66 சென்டிமீட்டர் என்றால், இது அதைவிட ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் குட்டை. வாய்வைக்கும் பகுதிக்கு அடுத்துள்ள 'பேரல்' என்ற குட்டைக் குழாயை வெளியே இழுத்து நீளத்தைக் கூட்டலாமே என்று தோன்றும். குறுகிய காற்றுத்தம்பத்தில் ஒலிக்கும் ஸ்வரத்துக்கு அந்தக் கூடுதல் நீளம் பெரிய பங்கு. நீண்ட தம்பத்தின் ஸ்வரத்துக்குச் சிறிய பங்கு. ஆகவே சில ஸ்வரங்கள் அதிகமாகவும் சில குறைவாகவும் இறங்கி, இருந்த ஒழுங்கும் குலைந்துபோகும். துளைகளின் இடம் நிரந்தரம் என்பதால் எந்தப் பட்டறையும் இதை மாற்ற முடியாது.

இருந்தாலும் இந்தக் கருவி தனக்குள் சுருதி பிசகாதது. கிளாரினெட் மேதை ஏ.கே.சி. நடராஜன் வழியில் கர்நாடக இசை வாசிப்பவருக்கு இது பெரிய குறையாகாது. தம்புராவையும் வயலினையும் கருவியின் சுருதிக்கே சேர்த்துக்கொள்ளலாம், மிருதங்கத்தையும் தட்டிச் சேர்க்கலாம். கீபோர்டும் டிரம்பெட்டும் சேர்ந்து வாசிக்கும் பேண்டு செட்டில் அந்தச் சலுகை கிடையாது. உறவினரின் பேத்தி பள்ளி பேண்டில் சேரவே இதைக் கேட்டாளாம். அவளுக்கு வேறு கிளாரினெட் வாங்கிக் கொடுங்கள் என்றும், இதற்கு அந்த இரண்டு பேடுகளை மட்டும் மாற்றி வையுங்கள் என்றும் சொன்னேன்.