அந்தக் கண்ணாடியை முதலில் கழற்றுங்கள்

சென்ற மாதம் பட்டர்வொர்த் பக்கமிருந்து ஓர் அழைப்பு. பேசியவர் முதியோர் இல்லம் நடத்துகிறார். "ஒளி, ஒலி, மணத்தால் முதியவர்களைத் தூண்டவும் அமைதிப்படுத்தவும் ஒரு புலனுணர்வு அறை போட்டு மூன்று வாரம் ஆகிறது. எல்லாம் வெளிநாட்டுச் சாமான். ஆனால் ஒரு பாட்டி மட்டும் உள்ளே போனாலே கத்துகிறார். நீங்கள் வந்து அவரை அந்த அறைக்குப் பழக்கிவிட வேண்டும்."

பாட்டியை அறைக்குப் பழக்க வேண்டுமாம். இந்த ஆண்டில் இது நான்காவது அழைப்பு. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் செயல்வழிச் சிகிச்சையாளர், அன்றாடக் காரியங்களைச் செய்ய நோயாளிகளுக்கு உதவுபவர். மலேசியாவின் பினாங்குத் தீவிலும் எதிர்க்கரையான செபராங் பிறையிலும் உள்ள இல்லங்களுக்குச் சென்று டிமென்ஷியா எனும் மறதிநோய் உள்ளவர்களைப் பார்ப்பது என் வேலையில் பாதி. மீதிப் பாதி, வாங்கிய சாமான்களை எடுத்துவிடச் சொல்வது.

போய்ப் பார்த்தேன். குளிர்சாதனம் 18 டிகிரியில் ஓடியது. விளக்கை அணைத்திருந்தார்கள். மூலையில் ஆளுயரக் குமிழிக் குழாய் நிறம் மாறிக்கொண்டிருந்தது, அதன் பின்னால் இரண்டு சுவரிலும் நிலைக்கண்ணாடி. கூரையில் நட்சத்திரங்கள் சுழன்றன, தரையில் ஒளிப்பட மீன்கள் நீந்தின. லாவெண்டர் ஆவி வேறு. ஒலிபெருக்கியில் திமிங்கிலத்தின் குரல். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த பாட்டிக்குத் திமிங்கிலம் எந்த வகையில் உறவு என்று தெரியவில்லை.

பாட்டிக்கு 81 வயது. வாசலில் நின்று தரையைப் பார்த்தார். உடனே கைலியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அது தண்ணீர். பராமரிப்பாளர் கையைப் பிடித்து இழுக்க, இரண்டடி வைத்தவர் நிமிர்ந்தார். எதிரே கண்ணாடி. "யார் இந்தக் கிழவி? ஏன் என்னை முறைக்கிறாள்?" என்றார். அந்த நேரம் பார்த்துக் கதவையும் சாத்தினார்கள். நானாக இருந்தாலும் கத்தியிருப்பேன்.

இந்த அறைகளின் பிறப்பிடம் 1970களின் நெதர்லாந்து. 'ஸ்னூஸலன்' என்று பெயர். மோந்து பார்ப்பதையும் அரைத்தூக்கத்தையும் குறிக்கும் இரண்டு டச்சுச் சொற்களை ஒட்டிச் செய்தது. அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்காக உருவானது. டிமென்ஷியா உள்ளவர்களிடம் அது பின்னர்தான் வந்தது. கூடவே ஒருவர் அமர்ந்து, நோயாளியின் முகத்தைப் பார்த்து, எதைக் கூட்டுவது எதைக் குறைப்பது என்று முடிவுசெய்வதுதான் அதன் உயிர். கப்பலில் சாமான் மட்டும் வந்து இறங்கியது, அந்த ஆள் வரவில்லை. சாமானின் மகிமையைப் பற்றி விற்பனையாளர் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, டிமென்ஷியாவில் இம்முறை பலன் தரும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது ஒரு வாக்கியம். "மூளைக்கு நிறையத் தூண்டுதல் கொடுத்தால் விழித்துக்கொள்ளும்." இல்ல நிர்வாகிகளும் சொல்கிறார்கள், படித்த பிள்ளைகளும் சொல்கிறார்கள். தைப்பூசத்தன்று இரவு பினாங்கின் தண்ணீர்மலைச் சாலையில் நில்லுங்கள். ஒரு பந்தலில் உறுமி, அடுத்த பந்தலில் ஒலிபெருக்கி, கண்ணில் வண்ண விளக்கு, மூக்கில் சாம்பிராணி, முதுகில் கூட்டத்தின் இடி. அந்த நேரத்தில் ஒருவர் உங்கள் காதில் தொலைபேசி எண் சொல்கிறார். மனத்தில் நிற்குமா? ஓரளவு நிற்கும், ஏனென்றால் உங்கள் மூளை வேண்டாததைத் தள்ளிவிடும். டிமென்ஷியா அந்தச் சல்லடையைக் கிழிக்கும் நோய்களில் ஒன்று. அந்த நோய் உள்ளவருக்கு எல்லாமே ஒரே உரப்பில் வந்து விழுகின்றன. அவருக்கு வேண்டியது கூடுதல் தூண்டுதல் அல்ல. அவர் தாங்கும் அளவுக்கு, ஒரு நேரத்தில் ஒன்று.

சரி, அப்படியானால் எதுவுமே வேண்டாம் என்று சுவரைப் பார்த்து உட்கார வைப்பதும் கொடுமைதான். அதே இல்லத்தின் கூடத்தில் பன்னிரண்டு நாற்காலிகள், யாரும் பார்க்காத ஒரு தொலைக்காட்சி, காலை முதல் இரவு வரை. அரை மணி நேர வண்ணவிளக்கு அந்த நாளை ஈடுசெய்யாது.

பாட்டியிடம் வருகிறேன். கூடத்தில் அவர் கையில் பஞ்சுறை மாட்டியிருந்தார்கள். "மேசைவிரிப்பைக் கிழிக்கிறார்" என்றார்கள். கழற்றச் சொன்னேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விரிப்பின் ஓரத்தைக் கிள்ளின. பிறகு இடமிருந்து வலமாக, சற்றுக் கீழ்நோக்கி, ஒரே நீள இழுப்பு. இழுத்ததை உருட்டி மடியில் போட்டார். மறுபடியும் அதே இடது ஓரம்.

என் அம்மா சுங்கை பட்டாணி பக்கம் ரப்பர் மரம் சீவியவர். எனக்கு அதைப் பார்த்ததும் தொண்டை அடைத்துவிட்டது. உளி வைப்பதற்கு முன் பழைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இப்படித்தான் உரிப்பார்கள். இல்லத்தின் பதிவுப் படிவத்தில் 'தொழில்: இல்லத்தரசி' என்று இருந்தது. மகளைக் கேட்டேன். "அம்மா 31 வருடம் பால்மரம் சீவினார். யாரும் கேட்கவில்லையே" என்றார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து நடமாடுகிறார் என்று தூக்க மருந்து வேறு கொடுத்து வந்தார்கள். பெரட்டுக்கு, அதாவது எஸ்டேட்டின் காலை ஆள்கணக்குக்கு, போக எழுந்தவரை! (அந்த மருந்தை மருத்துவர்தான் குறைத்தார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.)

இப்போது பின்கட்டில், வெளிச்சம் வரும் இடத்தில், மார்பளவு உயரத்துக்கு ஒரு வழவழப்பான மரத்தடி நட்டிருக்கிறோம். அதில் சாய்வாக அகலமான ரப்பர் பட்டை, விழுங்க முடியாத அளவில். கீழே ஓர் அலுமினியக் கிண்ணம், பால் பிடிக்கும் மங்குக்குப் பதில். பாட்டி உரிக்கிறார், மியன்மார்ப் பராமரிப்பாளர் பெண் மறுபடி ஒட்டுகிறார். செலவு இருபது வெள்ளி (ரிங்கிட்) கூட இல்லை. இதுவும் புலனுணர்வு இடம்தான்.

உடனே எல்லா இல்லங்களிலும் மரத்தடி நடக் கிளம்பிவிடாதீர்கள். ஓய்வுபெற்ற ரயில்வே கிராணி (எழுத்தர்) ஒருவரிடம் தோட்டத்துச் சாமான்களை நீட்டினால் அவமானப்படுவார். அவருக்கு ஒரு கோப்பும் ரப்பர் முத்திரையும் போதும். 'இந்தியர் அறை' என்று லட்சுமி படமும் மல்லிகைச் சரமும் மாட்டி, அதற்குள் நாசி கண்டார் எனும் சோற்றுக் கடையில் உழைத்து ஓய்ந்த தமிழ் முஸ்லிம் தாத்தாவை உட்கார வைத்ததையும் பார்த்திருக்கிறேன். தமிழ் முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழும் பினாங்கில் இருந்துகொண்டு இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

2018இன் தேசிய சுகாதார ஆய்வு, 60 வயதைத் தாண்டிய மலேசியர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கக்கூடும் என்றது. இந்த அறைகள் இன்னும் பெருகும். ஆகவே சில கண்டிப்பான வார்த்தைகள்.

கண்ணாடிகளைக் கழற்றுங்கள், அல்லது திரை போடுங்கள். தரையில் எதையும் ஒளியாகப் பாய்ச்சாதீர்கள். பளபளக்கும் தரை ஈரமாகத் தெரியும், கறுப்புக் கால்மிதி குழியாகத் தெரியும். மங்கலான வெளிச்சம் அமைதி தரும் என்பது இளைஞர்களின் கற்பனை: 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, 20 வயதுக் கண்ணுக்குப் போவதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஒளியே போய்ச் சேர்கிறது. மின்னி மின்னி அணையும் விளக்கு வேண்டவே வேண்டாம், வலிப்பு வரலாம். கதவைச் சாத்தாதீர்கள். கத்துபவரை அடக்கிவைக்கும் இடமாக அந்த அறையை ஆக்கினீர்கள் என்றால் அதற்குப் பெயர் வேறு.

லாவெண்டருக்குக் காசைக் கொட்டுமுன் தெரிந்துகொள்ளுங்கள், டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்ஸைமரில் மோப்ப உணர்வு பெரும்பாலும் தொடக்கத்திலேயே மங்கிவிடும். மணம் வேண்டுமானால் அவர் கையிலேயே ஓர் எலுமிச்சையையோ கறிவேப்பிலைக் கொத்தையோ கொடுங்கள், கசக்கட்டும். கற்பூரத்தை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் வைக்காதீர்கள். கற்கண்டு என்று வாயில் போட்டுக்கொள்வார்கள். அது வலிப்பில் கொண்டுபோய் விடும். இல்லத்தில் பூந்தோட்டம் போடுகிறவர்களே, அரளி வைக்காதீர்கள். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு.

இன்னொன்று, பிள்ளைகளுக்கு. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். அடுத்த முறை போகும்போது அம்மாவின் மூக்குக்கண்ணாடியைத் துடையுங்கள். காதுக்கருவியின் பேட்டரியைப் பாருங்கள். காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று தாதியிடம் கேளுங்கள். பிற்பாடு கற்ற மலாயும் ஆங்கிலமும் பலருக்கு முதலில் நழுவிவிடும், தமிழ் மட்டும் மிஞ்சும். 'வலிக்கிறது', 'தண்ணீர்', 'ஒன்றுக்கு' என்ற சொற்கள் காதில் விழும் விதத்தையும் அவற்றின் பொருளையும் மலாயில் ஒரு தாளில் எழுதிக் கட்டிலருகே ஒட்டிவிட்டு வாருங்கள். அதே தாளில், அவர் என்ன வேலை செய்தார், எத்தனை மணிக்கு எழுவார் என்பதையும் எழுதுங்கள்.

பட்டர்வொர்த் இல்லத்தில் குமிழிக் குழாயை விற்கப் பார்க்கிறார்களாம், வாங்க ஆள் தெரியுமா என்று கேட்டார்கள். தெரிந்தாலும் சொல்வதாக இல்லை.