முழங்கை முழுசா மடங்கவில்லை: சான்றிதழில் 20 சதவீதம், நஷ்டஈட்டில் எவ்வளவு?

பைக்கில் போகும்போது கார் இடித்து முழங்கை நொறுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் பார்த்துக்கொள்ளும். 2021 டிசம்பரில் தொடங்கியது. காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், வெளிமாநிலத்தவராக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் முழங்கை வீக்கம் வடிந்த பிறகுதான் பிளேட் வைப்போம் என்று டாக்டர்கள் பலமுறை சில நாள் தள்ளிப்போடுவார்கள். அந்த ஆபரேஷன் 48 மணி நேரத்தைத் தாண்டினால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை கைகொடுக்கும். சேர்ந்த அன்றே அட்டையைக் கொண்டுவந்து காட்டிவிடுங்கள்.

சரி, எலும்பு கூடிவிட்டது. கை மடங்குமா? முழங்கை எளிதில் விறைத்துப்போகும் மூட்டு. நீட்டுவதில் 30 டிகிரி குறைந்து, மடக்குவது 130 டிகிரி வரை வந்தாலே அன்றாட வேலைகள் பெரும்பாலும் நடந்துவிடும். 90 டிகிரியில் நின்றுவிட்டால் சோற்றுக் கவளம் வாய்க்கு எட்டாது, சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட முடியாது. டாக்டர் சொன்ன நாளிலிருந்து பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும். எண்ணெய் போட்டு உருவி, வலுக்கட்டாயமாக இழுத்து நீட்டுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். மூட்டைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து இன்னும் இறுகிப்போகலாம்.

இனி நஷ்டஈடு. எதிர்வண்டியின் தவறால் விபத்து என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவில் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். ஊரில் எம்.சி.ஓ.பி. கேஸ் என்பார்கள். தானே வழுக்கி விழுந்தவர்களுக்கு இந்த வழி இல்லை. 2019 திருத்தத்தின்படி விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். கை எவ்வளவு தேறும் என்பது அதற்குள் தெரியாமல் போகலாம், அதற்காகக் காத்திருக்காதீர்கள். முதலில் மனு, ஊனச் சான்றிதழ் அப்புறம்.

பலர் ஏமாறுவது அந்தச் சான்றிதழில்தான். கையின் அசைவு இழப்பைக் கணக்கிடும்போது தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றுக்கும் சம பங்கு. அதனால் முழங்கை மட்டும் விறைத்தவருக்கு 40 சதவீதத்தைத் தொடுவது கடினம். 40 இல்லாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான இடஒதுக்கீடு போன்ற பல சலுகைகள் கிடைக்காது. ஆனால் விபத்து நஷ்டஈட்டுக்கு அந்த 40 தேவையே இல்லை. இதைத் தெரியாமல் கேஸே போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல் இதைத் தெளிவாக்கியது. உடல் ஊன சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பு வேறு. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் இழப்பு ஏறக்குறைய 100 சதவீதம். அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலையே போகாமலும் இருக்கலாம். சான்றிதழில் உள்ள சதவீதம் கைக்கானதா, முழு உடலுக்கானதா என்பதையும் பார்க்கச் சொன்னது.

கணக்கைப் பாருங்கள். 32 வயது, மாதம் 15,000 ரூபாய் வருமானம். ஆண்டுக்கு 1,80,000. ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பதற்கு வயதுவாரியாக ஒரு பெருக்கல் எண் உண்டு; அந்த வயதுக்கு அது 16. திறன் இழப்பு 20 சதவீதம் என்று எடுத்தால் 5,76,000; தொழிலைப் பார்த்து 40 என்று எடுத்தால் 11,52,000. எதிர்கால வருமான உயர்வு, மருத்துவச் செலவு, வலி வேதனைக்கான தொகை எல்லாம் இதற்கு மேல்.

அந்த இரண்டு மடங்கு வித்தியாசம் உங்கள் தொழிலை எப்படி நிரூபிக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. கொத்தனார் என்றால் நலவாரிய அட்டை, ஓட்டுநர் என்றால் லைசென்ஸ், சம்பளச் சீட்டு எதுவானாலும் சேருங்கள். எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். முழங்கை எத்தனை டிகிரி மடங்குகிறது, நீள்கிறது என்று அளந்து எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். ‘அசைவு குறைவு’ என்ற ஒற்றை வரியை எதிர்த்தரப்பு வக்கீல் ஊதித் தள்ளிவிடுவார்.